கம்பவுண்டரின் கையெழுத்து

ஸ்ரீவில்லிபுத்தூர்,
15 பிப்ரவரி 1937

கர்த்தருக்குள் பிரியமானவர்களுக்கு அன்னாள் சொல்லி எழுதுவித்தது.

வெள்ளிக்கிழமை காலையில் என் வலது கண்ணில் புரை எடுத்துவிட்டார்கள். கண்ணில் மருந்து ஊற்றி மரத்துப்போகச் செய்துவிட்டு டாக்டர் வில்சன் அறுத்தார். நான் பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. இரண்டு சங்கீதம் சொல்லி முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. இப்போது இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்திருக்கிறார்கள். பத்து நாள் அசையாமல் மல்லாந்து கிடக்க வேண்டும். இருமக் கூடாது, தும்மக் கூடாது, சிரிக்கவும் அழவும் கூடாது. ஆள் வந்தால் தலை திரும்பும் என்று யாரையும் உள்ளே விடுகிறதில்லை. ஆகையால் இந்தப் பத்து நாளும் நீங்கள் வர வேண்டாம்.

எதிர்வீட்டு வெள்ளத்தாய் என்னைவிட்டு நகராமல் இருக்கிறாள். "ஏட்டி அன்னாளு, வாய மட்டும் தெற, கழுத்தத் திருப்பாத" என்று அதட்டி அதட்டிக் கஞ்சி ஊட்டுகிறாள். பதினெட்டு வருஷம் எதிரும் புதிருமாக இருந்தும் அவள் குரல் இவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் கிளப்புக் கடையில் சாப்பிட்டுக்கொள்ளுங்கள். கொழும்பில் நம் மகள் ஞானரத்தினத்துக்கு ஒரு கார்டு போடுங்கள். சேதி தெரியாமல் கலங்கப் போகிறாள்.

இப்படிக்கு, அன்னாள்.
சொல்லக் கேட்டு எழுதியது: இருதயம், கம்பவுண்டர்.

*

இராஜபாளையம்,
17 பிப்ரவரி 1937

அன்னாளுக்கு ஞானராஜ் எழுதுவது.

உன் கார்டு நேற்று ஜின்னிங் பேக்டரிக்கே வந்தது. நான் எடை மேடையில் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே நின்றேன். என் கைக்கு வருமுன் குமாஸ்தா சுப்புராஜ் அதைப் படித்துவிட்டார். "அம்மாவுக்கு ஆப்பரேசன் நல்லபடியா முடிஞ்சுதாமே" என்று அவர் சொல்லித்தான் சேதியே எனக்குத் தெரிந்தது. இனிமேல் கவரில் போட்டு அனுப்பு.

கீழே பெயரைப் பார்ப்பதற்கு முன்பே கையெழுத்தை அறிந்துகொண்டேன். நம் நிச்சயத்துக்கு முந்தின நாள் உன் அப்பா என்னைத் தனியே கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் காட்டினார். "மாப்பிள்ளே, ஒளிக்காமச் சொல்லிருதேன். ஆர்.சி. பையன் ஒருத்தன் பொண்ணு கேட்டு எழுதியிருக்கான். நம்ம சபைக்கு மாற மாட்டேங்கான். உபதேசியார் வீட்டுப் பொண்ண எப்படிக் குடுக்க? முடியாதுன்னுட்டேன்" என்றார். அந்தக் கடிதத்தில் ஒவ்வொரு 'ழ'வுக்கும் கீழே ஒரு நீண்ட வால் இருந்தது. முப்பத்திரண்டு வருஷம் கழித்து அதே வாலை உன் கார்டில் பார்த்தேன்.

அவர் அந்த ஆஸ்பத்திரியில்தான் கம்பவுண்டராக இருக்கிறார் என்று உனக்கு முன்பே தெரியுமா? மதுரைக்குப் போகலாம் என்று நான் சொன்னபோது ஸ்ரீவில்லிபுத்தூரே போதும் என்றவள் நீ.

எழுதுவதற்கு ஒரு நர்சைக் கேட்டுக்கொள். இந்தக் கடிதத்தை உனக்கு வாசித்துச் சொல்வதும் அவரே என்றால், மேலே உள்ள இரண்டு பாராவையும் விட்டுவிட்டு வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஞானராஜ்.

*

ஸ்ரீவில்லிபுத்தூர்,
26 பிப்ரவரி 1937

என் வீட்டுக்காரர் அவர்களுக்கு அன்னாள் சொல்வது.

உங்கள் கடிதத்தை இவர்தான் வாசித்தார். விட்டுவிடும்படி எழுதியிருந்த வரிக்கு வந்தபோதுதான் விட்டுவிட வேண்டும் என்று இவருக்கே தெரிந்தது. அதற்குள் எல்லாம் வாசித்தாகிவிட்டது. கடிதத்தை மடித்து என் கையில் வைத்தார். பிறகு, "ஐயா எழுதியிருக்கது வாஸ்தவந்தாம்மா. வேற ஆள வச்சு எழுதிக்கிடுங்க" என்று எழுந்துவிட்டார். வேறு ஆளுக்கு நான் எங்கே போவேன்? நர்சு மலையாளத்துக்காரி, தமிழ் பேசுவாள், எழுத வராது. வெள்ளத்தாய் கைநாட்டு. டாக்டரையா உட்காரவைத்து எழுதச் சொல்ல முடியும்? நான்தான் கெஞ்சிக் கேட்டு உட்காரவைத்திருக்கிறேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில், எனக்கு முன்பே தெரியாது. சேர்ந்த அன்று பெயரைப் பதிகிறவர் ஊரையும் அப்பா பெயரையும் கேட்டார். சொன்னேன். "உபதேசியார் மகளா?" என்றார். புரை மூடிய கண்ணுக்கு ஆள் தெரியவில்லை. குரலை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை கட்டை அவிழ்த்தார்கள். டாக்டர் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். மூன்று என்றேன், மூன்றுதான். கண்ணாடி போட்டால் பைபிள் எழுத்தே தெரியும் என்றார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் மறுநாள் இல்லை. வெயில் ஏற ஏறக் கண் எரிகிறது. மணலை வாரி இறைத்த மாதிரி உறுத்துகிறது. கொஞ்சம் காற்றுப் பட்டால் போதும், பொலபொலவென்று தண்ணீர் வடிகிறது. டாக்டர் பார்த்துவிட்டு, "கண்ணு காஞ்சிருக்கும்மா" என்றார்.

"இம்புட்டுத் தண்ணி வடியுது, காஞ்சிருக்குங்கியளே டாக்டரையா" என்றேன்.

"அறுத்த கண்ணுக்கு உணர்ச்சி கொறஞ்சு போயிருக்கும். அதனால இமை கொட்ட மறந்து போகுது. கண்ணு மேல எப்பவும் ஒரு ஈரப்பசை இருக்கணும், அது காஞ்சிருது. காஞ்சா உறுத்தும். உறுத்தினா தண்ணி வடியும். அது வெறுந் தண்ணி, கண்ணுல ஒட்டாம வழிஞ்சு போயிரும்" என்றார். அறுத்துக்கொண்ட சிலருக்கு இப்படி ஆவது உண்டாம். சில மாதம் பொறுமையாகப் பார்த்தால் சரியாகுமாம்.

வெந்நீரில் துணி நனைத்து மூன்று வேளை ஒத்தடம். கொதிக்கவைத்து ஆற்றிய உப்புத் தண்ணீரால் கழுவுகிறார்கள். ஆஸ்பத்திரியிலேயே சுத்தம் செய்த விளக்கெண்ணெய் நாலு வேளைக்கும் இரண்டிரண்டு சொட்டு. நெற்றியில் ஒரு பச்சைத் துணி மறைப்பு. இவை போக, ஞாபகமாக இமை கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சொட்டு விடுகிறவர் யார் என்று கேட்பீர்கள். இவர்தான்.

அன்னாள்.
எழுதியது: இருதயம்.

*

இராஜபாளையம்,
1 மார்ச் 1937

அன்னாளுக்கு.

நான் பஞ்சு நிறுக்கிறவன். தண்ணீர் தெளித்து எடை கூட்டிய பஞ்சைக் காய்ந்த பஞ்சு என்று சாதிக்கிறவர்களை முப்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கண் காய்ந்திருக்கிறது என்கிறாய். அதே கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் வடிகிறது என்றும் சொல்கிறாய். இரண்டும் எப்படிச் சேரும்? சுப்புராஜிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். "ஈரம் இருந்தாத்தானே தண்ணி வரும்" என்று அவரும் சிரித்தார்.

கல்யாணம் முடிந்து வண்டி ஏறும்போது உன் அப்பா வீட்டு வாசலில் நின்று அழுதாய். எல்லாப் பெண்ணும் அழுகிற அழுகை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். வண்டி ஆறு மைல் வரும்வரை நீ முந்தானையை எடுக்கவில்லை. இப்போது அதை வேறு மாதிரி நினைக்கத் தோன்றுகிறது.

அவருக்கு மனைவி இருக்கிறாளா, செத்துப்போனாளா? பிள்ளைகள் உண்டா? தினம் நாலு வேளை முகத்தருகே நின்று மருந்து விடுகிறவரைப் பற்றி இதுகூடத் தெரியாமலா இருப்பாய்? நீ எழுதவில்லையே என்று கேட்கிறேன்.

ஞானராஜ்.

*

ஸ்ரீவில்லிபுத்தூர்,
8 மார்ச் 1937

அன்னாள் சொல்வது.

மனைவி இறந்து ஏழு வருஷம் ஆகிறதாம். பிள்ளை இல்லை. நீங்கள் கேட்டதால் நான் இவரிடம் கேட்டேன். இவரும் சொன்னார், சொன்னதை எழுதியும்விட்டார். இப்படி ஒரு கேள்வியை வாசிக்கவைத்து, பதிலையும் அவர் கையாலேயே எழுதவைத்ததற்கு எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

நேற்று வீட்டுக்குப் போகலாமா என்று டாக்டரைக் கேட்டேன். வீடு எங்கே என்று விசாரித்தார். ஜின்னிங் பேக்டரிக்குப் பின்னால் லைன் வீடு, ஜன்னலைத் திறந்தால் பஞ்சு பறந்து சோற்றில் விழும் என்றேன். "அப்ப ரெண்டு மாசத்துக்கு அந்தப் பக்கமே போகாதீங்க. காஞ்ச கண்ணுல தூசி விழுந்தா அத வெளிய தள்ளக்கூட அதுக்குச் சக்தி இல்ல" என்று சொல்லிவிட்டார். ஆகையால் ஈஸ்டருக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம்.

ஆள் வரக்கூடாது என்ற பத்து நாள் முடிந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. பக்கத்துக் கட்டில் கிழவிக்குச் சுந்தரபாண்டியத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு ஜனம் வருகிறது. இராஜபாளையம் அதைவிடத் தூரமா? ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது.

அன்னாள்.
எழுதியது: இருதயம்.

*

இராஜபாளையம்,
15 மார்ச் 1937

அன்னாளுக்கு.

வரவில்லை என்று எழுதியிருந்தாய். வந்தேன். நேற்று ஆராதனைக்குக்கூடப் போகாமல் காலை ரயிலைப் பிடித்து வந்தேன். உனக்கென்று புதுச் சேலை ஒன்றும் வாங்கிக்கொண்டு வந்தேன். வராந்தாவில் திரும்பியதும் ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்தேன்.

நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்திருந்தாய். அவர் ஒரு கையால் உன் மோவாயை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, மறுகையால் சொட்டு விட்டார். விட்டுவிட்டு என்னவோ சொன்னார். நீ சிரித்தாய். வாயைப் பொத்தாமல், தோள் குலுங்கச் சிரித்தாய். அன்னாள், நீ அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது என்று அங்கேயே நின்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. சேலையை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

போதும். சனிக்கிழமை வண்டியோடு வருகிறேன். டாக்டர் சொல்கிற மருந்தையெல்லாம் ஒரு தாளில் எழுதி வாங்கி வை. ஒத்தடம் கொடுக்க எனக்கும் தெரியும். சொட்டு விட எனக்கும் இரண்டு கை இருக்கிறது. ஜன்னல்களை நான் அடைத்துவிடுகிறேன்.

ஞானராஜ்.

*

ஸ்ரீவில்லிபுத்தூர்,
17 மார்ச் 1937

இது என் கை. அறுக்காத இடது கண்ணில் புகைமூட்டமாகத்தான் தெரிகிறது. வரி மேலும் கீழும் போயிருக்கும்.

நீங்கள் வந்தது எனக்குத் தெரியும். வராந்தாவில் இருமினீர்கள். எனக்குத் தெரியாத இருமலா அது? சொட்டு விட்டவுடன் இரண்டு நிமிஷம் கண்ணைத் திறக்கக் கூடாது. "அவிய வந்திருக்காவ" என்று வெள்ளத்தாயிடம் சொன்னேன். கண்ணைத் திறந்தபோது வராந்தாவில் யாரும் இல்லை. சேலை மட்டும் வந்தது. என்ன நிறம் என்றுகூட எனக்குத் தெரியாது. வெள்ளத்தாயிடம் கேட்கவும் மனம் வரவில்லை.

சிரித்தது ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். எனக்கு இமை கொட்டப் பழக்குகிறேன் என்று வெள்ளத்தாயும் கூடவே கொட்டிக் கொட்டித் தலை சுற்றிப்போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "இந்தம்மாவுக்கும் ஒரு கட்டில் போடணும் போலிருக்கே" என்றார் கம்பவுண்டர். இவ்வளவுதான்.

வண்டி கொண்டுவர வேண்டாம். கொண்டுவந்தால் ஏறுவேன். வார்டில் நாலு பேர் முன்னால் உங்களை மறுத்துப் பேசமாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு இந்தக் கண்ணுக்கு நீங்கள்தான் பொறுப்பு. எரிகிறது. நிறுத்துகிறேன்.

அன்னாள்.

*

இராஜபாளையம்,
2 ஏப்ரல் 1937

அன்னாளுக்கு ஞானராஜ் எழுதுவது.

திங்கட்கிழமை உன்னைத் திரும்ப ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து விட்டபோது டாக்டர் முன்னால் நான் வாய் திறக்கவில்லை. என்ன நடந்தது என்று இரண்டு தடவை கேட்டார். தூசி விழுந்துவிட்டது என்று நீ சொன்னாய். எனக்காகப் பொய் சொன்னாய். நடந்ததை நான் எழுதிவிடுகிறேன்.

உன்னை அழைத்துவந்த அன்றே ஜன்னல்களையெல்லாம் அடைத்தேன். கதவில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டேன். பஞ்சு ஜன்னல் வழியாக வரவில்லை. என் சட்டையில் வந்தது. என் தலைமுடியிலும் தோள் துண்டிலும் வந்தது. தினமும் சாயங்காலம் அதை உன் பக்கத்தில் கொண்டுவந்து உட்காரவைத்தது நான்தான்.

முதல் நாள் சொட்டு விடுவதற்கு உன் மோவாயைப் பிடித்தபோது, அவரும் இப்படித்தானே பிடித்தார் என்று நினைத்தேன். நினைத்ததும் விரல் இறுகிவிட்டது. "வலிக்கி" என்றாய். "அவர் பிடிச்சா வலிக்கல, நான் பிடிச்சா வலிக்கா?" என்று கேட்டேன். அன்று முதல் நான் சொட்டு விட வரும்போதெல்லாம் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாய். அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழக்கிழமை சாயங்காலம் நீ வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "யார நெனச்சு அழுவுத?" என்று கேட்டேன்.

"அழல. காஞ்ச கண்ணு வடியுது" என்றாய்.

தோளில் கிடந்த துண்டை எடுத்து, அழாதே அழாதே என்று துடைத்தேன். இரண்டு தடவை மெதுவாகத்தான் துடைத்தேன். மூன்றாம் தடவை மெதுவாக இல்லை. அப்போது அந்தத் துண்டில் பஞ்சுத் தூசி இருந்தது எனக்குத் தெரியும்.

சனிக்கிழமைக்குள் கண் இரத்தமாகச் சிவந்துவிட்டது. அப்போதும் ஈஸ்டர் ஆராதனை முடியட்டும் என்று ஒரு நாள் தள்ளினேன். கருவிழியில் கீறல், புண் ஆழமாகப் போனால் அறுத்த கண் அறுத்தும் பயன் இல்லாமல் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். கம்பவுண்டர் வந்து உன் தோளைப் பிடித்து உள்ளே நடத்திக்கொண்டு போனார். என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. எனக்கு ஒரு நாற்காலி மட்டும் இழுத்துப் போட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த நேரத்திலும், இவருக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது, இதைக் கண்டுதானே அவள் ஆசைப்பட்டிருப்பாள் என்று அதற்கும் எனக்குப் பொறாமை வந்தது. என்னைப் போல ஒருவன் இருப்பானா என்று எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. முப்பத்திரண்டு வருஷமாக உள்ளே கிடந்து அரிக்கிறது, ஆகையால் கேட்கிறேன். உன் அப்பா மறுக்காமல் இருந்திருந்தால் அவரைக் கட்டியிருப்பாயா? உன் கண் கட்டியிருக்கிறது, இதை வாசிக்கப்போகிறவர் அவர்தான் என்று தெரிந்தே எழுதுகிறேன். எந்த இடத்தையும் விட வேண்டாம்.

ஞானராஜ்.

*

ஸ்ரீவில்லிபுத்தூர்,
8 ஏப்ரல் 1937

அன்னாள் சொல்லி எழுதுவித்தது.

உங்கள் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. கடைசிப் பாராவில் இவர் வாசிப்பதை நிறுத்தினார். "மிச்சம் இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கும்மா" என்றார். வாசிக்கச் சொன்னேன், வாசித்தார். இன்றைக்குக் காகிதம் எடுத்துவரச் சொன்னேன். "இத நான் எழுதுறது மொறையா இருக்காதும்மா" என்றார்.

"ஒங்க ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் சொல்லப் போறேன். ஒரு தடவதான் சொல்லுவேன். எழுதுங்க" என்றேன்.

கட்டியிருப்பேன்.

எனக்குப் பதினெட்டு வயது. எங்கள் தெருவுக்கு அம்மை குத்த வந்த ஆட்களோடு இவரும் வந்தார். என் கையில் குத்திவிட்டு, வலிக்கிறதா என்று கேட்டார். அதுவரைக்கும் வீட்டிலோ வெளியிலோ ஒரு ஆண்பிள்ளை என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எங்களுக்குள் நடந்தது அந்த ஒரு கேள்விதான். அதற்குப் பிறகு இவர் அப்பாவுக்கு எழுதியதும் அப்பா மறுத்ததும் வீட்டில் பேசிக்கொண்டதைக் கேட்டுத்தான் எனக்குத் தெரியும். மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாம் நாள் சாப்பிட்டேன். கல்யாணத்தன்று ஆறு மைல் தூரம் அழுதது இவருக்காகத்தான். நீங்கள் நினைத்தது சரி.

இந்த இடத்தில் பேனாச் சத்தம் நின்றுவிட்டது. மை தீர்ந்துவிட்டது என்கிறார். ஊற்றிக்கொண்டு வரட்டும் என்று காத்திருந்தேன். வர நேரம் ஆயிற்று.

இனி நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன். நம் மூத்தவன் ஐந்து வயதில் காலராவில் போனான். உறவு என்று ஒருவரும் வாசல் ஏறவில்லை, குழி வெட்டவும் ஆள் இல்லை. நீங்களே அவனைக் குளிப்பாட்டினீர்கள், நீங்களே தோளில் போட்டுக்கொண்டு போனீர்கள். திரும்பி வந்து கை காலைக் கழுவிவிட்டு எனக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தீர்கள். அதில் உப்பு இல்லை. உங்களுக்கும் அது தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் குடித்தோம். வண்டியில் அழுதுகொண்டு வந்தவள் அன்றோடு போய்விட்டாள். அதற்குப் பிறகு வேறு ஒருவரையும் நினைத்து நான் அழுதது கிடையாது. அழுததெல்லாம் நம் வீட்டு அழுகைதான்.

ஆனால் பிள்ளையைச் சுமந்துகொண்டு போன மனிதரும், துண்டால் என் கண்ணைத் தேய்த்த மனிதரும் ஒரே ஆள். அதை என்னால் மறக்க முடியவில்லை. அந்த வீட்டுக்கு வர எனக்குப் பயமாக இருக்கிறது. பஞ்சுக்கு மட்டும் இல்லை. நீங்கள் கையை உயர்த்தினால் என் தலை தானாகப் பின்னால் போகிறது. இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது, கண்ணைக் கட்டியிருப்பதால் சொல்கிறேன்.

நான் இங்கே இருப்பது இவருக்காக இல்லை. என் கண்ணுக்காக. ஐம்பது வயதுவரை எனக்கு வேண்டும் என்று நான் ஒன்றும் கேட்டதில்லை. இப்போது இந்தக் கண் வேண்டும். அதைக் கேட்டால் இன்னொருவர் மேல் ஆசை என்று அர்த்தம் என்றால், எனக்கு வேறு பதில் தெரியாது.

அன்னாள்.

எழுதியது: இருதயம். ஐயாவுக்குத் தெரிவிப்பது, அம்மா சொன்னதில் ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

*

இராஜபாளையம்,
14 ஏப்ரல் 1937

அன்னாளுக்கு ஞானராஜ் எழுதுவது.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் 'கட்டியிருப்பேன்' என்ற இடத்தில் நின்றுவிடுகிறேன். மூத்தவனைப் பற்றி நீ சொன்ன இடத்துக்குப் போய்ச் சேர வெகுநேரம் ஆகிறது. பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய். பதினெட்டு வயதில் நீ எப்படி இருந்தாய் என்று அவருக்குத் தெரியும். எனக்கு வந்தவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள். அந்த முகத்தை இனி நான் பார்க்க வழி இல்லை. அது அவரிடமே இருக்கட்டும் என்று சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு முடிகிறது, மறுநாள் முடியவில்லை.

செய்ததை எழுதுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே, மடவார் வளாகத்தில் கோயிலுக்குப் பின் தெருவில் ஒரு வீடு பேசிவிட்டேன். வீட்டுக்காரி சுடலையம்மாள் நாம் கிறிஸ்தவர்கள் என்று முதலில் தயங்கினாள். "வேதக்காரவியளுக்குக் குடுக்கவான்னு யோசிச்சேன். கண்ணு நோவுன்னு சொல்லுதிய, வாங்க" என்றாள். அந்தத் தெருவில் பேக்டரி இல்லை, பஞ்சும் இல்லை. நான் தினமும் ரயிலில் வேலைக்குப் போய்த் திரும்புவேன். கொல்லைப்புறத்தில் கிணற்றடியில் ஒரு தட்டி கட்டியாகிவிட்டது. குளித்து, வேலை உடுப்பையும் துண்டையும் அங்கேயே போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவேன். டாக்டர் அனுப்பலாம் என்று சொல்கிற அன்றைக்கு நீ வா. அங்கேயும் வரப் பயமாக இருந்தால் வார்டிலேயே இரு. வீடு காத்திருக்கும்.

சொட்டு விடப் பழகுகிறேன். வெள்ளத்தாய் புருஷன் இருளப்பசாமியைக் கட்டிலில் படுக்கவைத்து, காய்ச்சி ஆற்றிய தண்ணீரை அவர் கண்ணில் விட்டுப் பார்க்கிறேன். முதல் நாள் பத்துச் சொட்டில் நாலு மூக்கில் விழுந்தது. "ஏலே ஞானராசு, எனக்குச் சளி பிடிக்கப் போவுது" என்றார். நேற்று ஒன்பது கண்ணில் விழுந்தது. மோவாயைப் பிடிக்கவே வேண்டியதில்லை, கீழ் இமையை ஒரு விரலால் லேசாக இறக்கினால் போதும் என்று தெரிந்துகொண்டேன். இது சரிதானா என்று கம்பவுண்டர் அவர்களைக் கேட்டுச் சொல்லவும். ஒரு நாள் நேரில் வந்து அவர் கைப்பக்குவத்தைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள அனுமதிப்பாரா என்றும் கேட்கவும். அங்கே நிற்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். நிற்பேன். அதுவரைக்கும், அதற்குப் பிறகும், உன் தலை பின்னால் போகாமல் இருக்கும் நாள் வரைக்கும், அவரே விடட்டும். நீயாகச் சொல்கிற அன்றைக்கு நான் விடுகிறேன். சொல்லாவிட்டால் கேட்கமாட்டேன்.

பிப்ரவரியிலிருந்து உனக்கு எழுதிய கடிதங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். யார் எழுதினார், யார் தொட்டார், ஏன் சிரித்தாய், யாருக்காக அழுதாய் என்று எத்தனையோ கேட்டிருக்கிறேன். ஒன்றை மட்டும் எந்தக் கடிதத்திலும் கேட்கவில்லை.

கண் எப்படி இருக்கிறது, அன்னாள்? உறுத்தல் குறைந்திருக்கிறதா?

யார் கையால் எழுதினாலும் சரி, பதில் எழுது.

ஞானராஜ்.